கேள்வித்தாள் எந்த ஊர்க்காரர்?

2008-இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தாராவியை அதில் காட்டிய விதத்தைப் பற்றி நாம் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டோம். இன்றைக்கு அது வேண்டாம். அதில் வினாடி வினாப் பணப்போட்டியில் உட்காரும் பையனிடம் கேட்ட கேள்விகளை மட்டும் வரிசையாக நினைத்துப் பாருங்கள்.

முதல் கேள்வி, ‘ஜஞ்சீர்’ படத்தின் கதாநாயகன் யார்? பம்பாய்ப் பையனுக்கு ஏற்ற கேள்விதான். பிறகு நம் தேசியச் சின்னத்து வாசகம், ராமர் கையில் இருப்பது என்ன, சூர்தாஸ் பாட்டு. பணம் ஏற ஏறக் கேள்வியும் கப்பலேறிவிடுகிறது! நூறு டாலர் நோட்டில் இருப்பவர் யார்? ரிவால்வரைக் கண்டுபிடித்தவர் யார்? கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் எந்த ஊரில்? முதல்தரக் கிரிக்கெட்டில் அதிகச் சதம் அடித்தவர் யார்? கடைசியில், பிரெஞ்சு நாவலில் வரும் மூன்றாவது மஸ்கடியர் யார்? நம்மூர் விஷயத்துக்குச் சில்லறை, சீமை விஷயத்துக்குக் கோடி. டாலரில் பெஞ்சமின் பிராங்க்ளின் இருப்பது தெரிந்த பையனுக்கு, ஆயிரம் ரூபாய் நோட்டில் இருப்பவர் யாரென்று சொல்லத் தெரியவில்லை.

சினிமாதானே என்பீர்கள். பள்ளிகளுக்கு வினாடி வினா நடத்தும் எனக்கு அது சினிமாவாகவே படவில்லை. இந்தப் போட்டி நமக்கு வந்த வழி அப்படி. அமெரிக்க வானொலியில் 1953-இல் ‘காலேஜ் பௌல்’, அதைப் பார்த்து பிரிட்டனின் ஐடிவியில் 1962-இல் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’. 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் பொதுப் போட்டி நடத்தினார். 1972-இல் ‘போர்ன்விட்டா க்விஸ்’ தொடங்கியது. பின்னாளில் அமீன் சயானியின் குரலில் அதை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போதும் தலையாட்டுவீர்கள். எல்லாம் அருமையான போட்டிகள். ஆனால் கேள்வி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் வீட்டுப் புத்தக அலமாரியே ஊருக்கெல்லாம் பொது அறிவு ஆகிவிட்டது.

செம்பூரில் ஒரு பள்ளிப் போட்டி. முதல் சுற்றை வேறொருவர் எழுதியிருந்தார். கிரேக்கக் கடவுள், விம்பிள்டன், ஷேக்ஸ்பியர். தாராவியிலிருந்து வந்த அணி பஸ்ஸரைத் தொடவே இல்லை. அடுத்த சுற்று என்னுடையது. “நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். திரிபலாவின் மூன்று காய்களில் ஒன்று. ஆவாரம்பட்டையைப் போலவே தோல் பதனிடவும்…” வாக்கியத்தை முடிக்கவில்லை, பஸ்ஸர் அலறியது. “கடுக்காய், டீச்சர்!” திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவி டேனரி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறாள். கிரேக்கக் கடவுள்களை ஒப்பித்த பையன் முழித்தான். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். முதல் சுற்றோடு போட்டி முடிந்திருந்தால் ஒருத்தியின் கெட்டிக்காரத்தனம் யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: குர்லா! கோயம்புத்தூர் ரயிலுக்கு மூட்டை முடிச்சோடு போய் நிற்கிற இடம் என்றுதானே நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம்? வானொலியை அணைக்காமல் இதற்குப் பதில் சொல்லுங்கள். 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் பாதையில் புறப்பட்டது. எங்கே போய் நின்றது? ஆமாம், குர்லாவில்தான். இதைக் குர்லாப் பிள்ளைகளிடமே கேட்டேன். தாதர் என்றார்கள், தாணே என்றார்கள். லண்டன் பாதாள ரயிலைப் பற்றிக் கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள்.

இன்னொன்று. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தது 1905-இல். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்பே, 1886-இல், நொடித்துப்போன தரம்சி மில்லை ஜாம்செட்ஜி டாடா வாங்கி ‘சுதேசி மில்ஸ்’ என்று பெயரிட்டார். அந்த ஆலை எந்தப் பகுதியில் இருந்தது? நம் கறுப்பு மஞ்சள் ‘காலிபீலி’ டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினி எந்தத் தொழிற்சாலையில் உருவானது? இரண்டுக்கும் பதில் குர்லாதான். ‘சுதேசி’ என்றதும் பிள்ளைகள் 1905 என்று பாய்வார்கள். ஆண்டைச் சொன்னதும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன். நல்ல கேள்வி, மனப்பாடம் செய்தவரைவிட யோசிப்பவருக்கு வழிவிட வேண்டும்.

சீமைக் கேள்விகளைத் தூக்கிப்போடு என்று நான் சொல்லவில்லை. லண்டனை எடுத்துவிட்டு டெல்லியை வைத்தாலும் தீராது. நம் தமிழ் விழாக்களில் நடக்கும் போட்டியைப் பாருங்கள். மும்பையிலேயே பிறந்த குழந்தையிடம் தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டு, தெரியாவிட்டால் ‘தமிழ்ப்பிள்ளையா நீ?’ என்று கடிந்துகொள்கிறோம். விஹார், பவாய் ஏரிகள் வழிந்து பிறக்கும் மித்தி நதி அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, அந்த நதி குர்லாவுக்குள் புகுந்தது. அதை நாம் கேட்பதே இல்லை. ஆங்கிலேயர் செய்தால் ஓரவஞ்சனை, நாம் செய்தால் பண்பாடா?

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதமோ ஆண்டு விழாவுக்கோ நீங்கள் போட்டி நடத்தினால், கேள்விகளைத் தனியாக எழுதாதீர்கள். வேறு பேட்டையில், வேறு பள்ளியில் படித்த ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் எத்தனை கேள்வி எந்த நாட்டைப் பற்றியது, எந்த வீட்டுப் பிள்ளைக்குச் சுலபம் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் யோசித்துப் பிடிக்க ஒரு குறிப்பு இருக்கட்டும். மேடைக்கு வரும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு தடவையாவது பஸ்ஸரை அடிக்கட்டும்.