புது மென்பொருள் போட்டதும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வந்தால்

(நம் சங்க அரங்கில் ஞாயிறு மாலை நடந்த கணினிச் சந்திப்பில் பேசியது. கட்டளைகள் வாயால் சொன்னபடியே தரப்பட்டுள்ளன.)



சங்க அலுவலகக் கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டது நான்தான். போன மாதம் அதைக் கெடுத்ததும் நான்தான். அதனால் இன்று என்னைப் பேசக் கூப்பிட்டது நியாயம்!

மெயின்டனன்ஸ் ரசீது அச்சடிக்க ஒரு மென்பொருளை இறக்கி, ஓபிடி என்ற ஃபோல்டரில் பிரித்து வைத்தேன். டெர்மினலில் பெயரை அடித்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’. புரொஃபைல் என்ற கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே போகாமல் மறுபடி கடவுச்சொல்லே கேட்டது. கடைக்காரரிடம் போனில் கேட்டோம். “ஃபார்மட் பண்ணிடலாம் சார்” என்றார். உள்ளே மூன்று வருட வரவு செலவு இருக்கிறது. கடைசியாக பேக்கப் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பொருளாளர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நம் கேட் வாட்ச்மேனிடம் ஒரு பட்டியல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஏ பிளாக், பி பிளாக், சி பிளாக். யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் அந்த வரிசையிலேயே தேடுவார். முதலில் அகப்படுபவரிடம் அனுப்புவார். பட்டியலில் இல்லாத டி பிளாக்கில் ஆள் குடியிருந்தாலும் “அப்படி யாரும் இல்லை” என்பார். ஷெல்லுக்கு அந்தப் பட்டியல்தான் பாத். ஃபோல்டர்களின் பெயர்கள், நடுவில் முக்காற்புள்ளி. ‘எக்கோ டாலர் பாத்’ என்று அடித்தால் பட்டியல் தெரியும். பாத் என்பது முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் இருக்க வேண்டும்.

புது ஃபோல்டரைச் சேர்க்கும் வரி இப்படி இருக்க வேண்டும்: எக்ஸ்போர்ட், பாத், சமக்குறி, டாலர் பாத், முக்காற்புள்ளி, புது ஃபோல்டர். நான் அந்த ‘டாலர் பாத்’தை விட்டுவிட்டேன். அதாவது டி பிளாக்கைச் சேர்க்கப் போய், மற்ற பிளாக்குகளை எல்லாம் அடித்துவிட்டேன். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடவும் கூடாது.

சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் உள்ளே போனேன். எக்கோ வேலை செய்தது, எல்எஸ் செய்யவில்லை. எக்கோ ஷெல்லுக்கு உள்ளேயே இருப்பது, எல்எஸ் வெளியே தேடிப் பிடிக்க வேண்டியது. இந்த அறிகுறி இருந்தால் பாத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உண்மையில் திரையில் வந்த செய்தியிலேயே ‘ஸ்லாஷ் பின் பாத்தில் இல்லை’ என்று எழுதியிருந்தது. பதற்றத்தில் யார் படித்தார்கள்? முழு விலாசம் சொன்னால் பட்டியல் தேவையில்லை. ‘ஸ்லாஷ் யூஎஸ்ஆர் ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் நானோ’ என்று அடித்து, புரொஃபைலைத் திறந்து, அந்த வரியைத் திருத்தினேன். கணக்கு அப்படியே இருந்தது.

கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்னொன்று வரும். பைத்தான் கருவிகள் சில, ஹோம் ஃபோல்டருக்குள் ‘டாட் லோக்கல் ஸ்லாஷ் பின்’ என்ற இடத்தில் உட்காரும். உபுண்டுவில் அந்த ஃபோல்டர் இருந்தால்தான் பாத்தில் சேரும், அதுவும் லாகின் செய்யும்போதுதான். முதல் தடவை போட்டதும் வேலை செய்யாவிட்டால் லாக் அவுட் செய்துவிட்டு உள்ளே வாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

புரொஃபைல் லாகின் செய்யும்போது படிக்கப்படுவது. பாஷ்ஆர்சி ஒவ்வொரு டெர்மினல் திறக்கும்போதும் படிக்கப்படுவது. புதியவர்கள் பாஷ்ஆர்சியில் எழுதுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தப்பானாலும் டெஸ்க்டாப் வரும். அதற்கும் முன்னால், சேர்க்கப் போகும் வரியை டெர்மினலிலேயே ஒரு தடவை அடித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் அந்த ஜன்னலை மூடினால் தப்பும் அதோடு போய்விடும். சரியாக இருந்தால் மட்டும் கோப்பில் எழுதுங்கள்.