கல் காத்த பதிகம்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேவாரப் பதிகங்களுள் கறையானுக்கு இரையானவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்பது திருமுறை கண்ட புராணம் கூறும் செய்தி. ஓலை கைவிட்ட ஒரு பதிகத்தைக் கல் காத்துக் கொடுத்த வரலாறும் உண்டு.

திருவாரூர் மாவட்டத்தில் திருவிடைவாய் என்றோர் ஊர். அத்தலத்தின்மேல் ஞானசம்பந்தப் பெருமான் அருளிய பதிகம் ஏட்டுச் சுவடிகளில் இல்லை. 1917ஆம் ஆண்டளவில் கல்வெட்டுத் துறையினர் அங்குப் படியெடுத்தபோது அது கல்லில் வெளிப்பட்டது. படியெடுத்தல் என்பது யாது? கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துள் தாள் படியுமாறு தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றுவர். கருமையின் நடுவே எழுத்துகள் வெண்மையாய்த் தோன்றும். அக்கல்லை முன்னரே எவரேனும் உளியால் கொத்தியிருப்பின் எதைப் படியெடுப்பது? அறிஞர் வந்தது சில நாள். அதுவரை பல நூற்றாண்டுகள் அதனைக் காத்தவர் ஊரார்.

சம்பந்தர் பிறந்த சீகாழியிலும் 2023 ஏப்ரலில், குடமுழுக்கு யாகசாலைக்காக மண் தோண்டுகையில், 20க்கு மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த செப்பேடுகள் 400க்கு மேலும் கிடைத்தன. அவற்றுள் ஒன்றையேனும் ஒருவர் மடியில் மறைத்திருந்தால் அந்த ஏட்டின் பாடல் மீண்டும் மறைந்திருக்கும்.

ஆய்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. செங்கம் பகுதியில் நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று வழிபடுகின்றனர். அவ்வழிபாடே பல்லவர் காலத்து வட்டெழுத்தைக் காத்தது. தொல்லியல் துறை 1972இல் அவற்றை நூலாக்கியது, நன்று. ஆயினும் படியெடுத்தவர் ஊராரை அமர்த்தி, "உங்கள் சாமி ஆநிரை மீட்டு இறந்த வீரர், இன்ன அரசன் காலத்தவர்" என்று படித்துக் காட்டிவிட்டுச் செல்லுதலே முறை. மையோடு வந்து தாளோடு போவது எனக்கு உடன்பாடன்று.

உங்கள் ஊரில் திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்யுங்கள். எந்திரத்தால் மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்தல் எழுத்தை அரிக்கும், வேண்டா. மண்ணுள் ஏதேனும் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். அன்பின் மிகுதியால் புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள்; பச்சைக் களிம்போடு அப்படியே இருக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.