சாவியைத் திருப்பியதும் காதைக் கொடுங்கள்



உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி அதற்கு வெகு முன்பே நின்றது. ஆனாலும் இந்தக் கார்களை ஆசையோடு வைத்து ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வார்: "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க." இன்னொருவர் "காயிலா இருக்கும்" என்பார். சோதித்துப் பார்க்காமல் சாமானை மாற்றுவதை நான் வைத்தியமாக ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல பேட்டரி வீணாகப் போகும், காசும் போகும், கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவற்றில் கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்தைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். செல்ஃப் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினாலோ, "டிக்டிக்டிக்" என்று அடுக்கடுக்காகக் கேட்டாலோ, அதற்குக் கரண்ட் போதவில்லை. மோட்டார் மட்டும் "விர்ர்" என்று தனியாகச் சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால், செல்ஃபின் பினியன் ஃப்ளைவீல் பல்லில் போய்ச் சேரவில்லை. சத்தமே இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். லைட் மங்காமல் எரிந்தால் செல்ஃபுக்குக் கரண்ட் போகவே இல்லை. சாவி ஸ்விட்ச், சோலினாய்டு, அவற்றின் ஒயர்களைப் பார்க்க வேண்டும். லைட் அணைந்துபோகிற அளவுக்கு மங்கினால் பேட்டரியில் குறை, இல்லாவிட்டால் அதன் இணைப்பில் குறை.

இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். "ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, அப்புறம் செல்ஃப் மட்டும் ஏன் எடுக்கல?" என்று கேட்பார்கள். லைட்டுக்கும் ஹாரனுக்கும் சில ஆம்பியர் போதும். செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடி, ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை கொடுத்தால் போதும். 100 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். லைட் போடும்போது அந்த நஷ்டம் கண்ணுக்கே தெரியாது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும், மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட் காட்டினாலும் குற்றவாளி அந்த இடுக்குதான். எர்த் பக்கத்தை முதலில் கழற்றி, இரண்டையும் வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். எர்த் ஒயர் பாடியோடு சேரும் இடத்துக்கும் இதே கவனிப்பு வேண்டும். ஓய்வாக இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். முழுக்க சார்ஜ் ஏற்றியும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுகிறதென்றால், அப்போது தாராளமாகப் புதுசு வாங்கலாம்.

எஞ்சின் நன்றாக உருண்டும் பிடிக்கவில்லை என்றால், பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ஒயரை உருவி, அதில் ஒரு நல்ல பிளக்கைச் செருகி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினைத் தொடும்படி வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் ஒழுகவும் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது பொறி நீலமாகத் தெறித்தால் சரி. மஞ்சளாக, பலமில்லாமல் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்க வேண்டியதுதான். உள்ளே பாயிண்ட்டைப் பாருங்கள். கேம் மேல் உராயும் அதன் கட்டை தேயத் தேய, பாயிண்ட் திறக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வரும். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் அது முழுதாகத் திறந்த நிலையில் சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். மழைக்காலத்தில் கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெறும் ஈரமென்றால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முடியிழை போலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பொறி அந்த வழியாகக் கசிகிறது. கேப்பை மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோல் விஷயம் சுலபம். காயில் ஒயரைப் பிரித்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால், பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்ச வேண்டும். வரவில்லை என்றால் எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், ஃபில்டர், டேங்க் வரை போகும் குழாய் என்று பின்னோக்கிப் போங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி உப்பி, வெடிப்பு விடும். ரப்பர் அத்தனையையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் கசிந்தால் ஸ்டார்ட் ஆகாதது மட்டுமல்ல, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஓவர்ஃப்ளோ. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி பத்து வினாடி மட்டும் செல்ஃப் அடியுங்கள். சித்திரை வெயிலில் ஓடி நின்ற வண்டி மறுபடி எடுக்காவிட்டால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் சரியாகும்.

எல்லாம் சரியாக இருந்தும் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கிறதா? கடைசியாக பிளக் ஒயரை யார் கழற்றினார்கள் என்று விசாரியுங்கள். அம்பாசிடரில் வரிசை 1, 3, 4, 2. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வர வேண்டும். அதுவும் சரியென்றால் டைமிங்கும் கம்ப்ரெஷனும்தான் பாக்கி. அதற்கு கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீங்கள் எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டால், அவர் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்காது.