மருந்து வேறை, குளிசை வேறை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது நான் மறுத்தேன். நான் ஏ.எல். வரைதான் படித்தவன். வருடக்கணக்காக ஒரு இரும்புத் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நிற்கிறவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் செயலாளர் அண்ணை விடவில்லை. "நீ சேர்ச் ஆக்களோடை வன்னிக்குப் போய் வந்த கதையைச் சொல்லு, அது காணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னைப் பற்றிக் கதைக்கிற ஆக்களுக்கும் அது பதிலாய்ப் போகும்" என்றும் சொன்னார்.

என்ன கதை என்று உங்களில் சிலருக்குத் தெரியும். சைவப் பிள்ளை, சேர்ச்சோடை போறான், ஆள் மாறிவிட்டான் என்பதுதான் அது. ஊரில் இருந்து அம்மாவே போன் எடுத்துக் கேட்டுவிட்டா. நான் மாறவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் என்னைக் காண்கிறீர்கள்தானே. நான் 2010 இல் இந்த நாட்டுக்கு வந்து அகதி முகாமில் இருந்தபோது, எங்கள் ஊர்ச் சேர்ச்சின் நிலக்கீழ் அறையில் வயதுபோன ஒரு ரீச்சர் கிழமைக்கு இரண்டு நாள் காசு வாங்காமல் டொச் படிப்பித்தா. கோப்பியும் தந்தா. என்ன சமயம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தச் சேர்ச்சின் ஆட்கள் 2024 இல் வன்னிக்கு ஒரு மருத்துவக் குழு கொண்டுபோகிறோம், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு முதல் வருடம்தான் எனக்குச் சுவிஸ் பாஸ்போட் கிடைத்திருந்தது. அதுவரை என் கையில் இருந்தது அகதிகளுக்கான நீலப் புத்தகம். இலங்கைக்குப் போக அது உதவாது. அந்தப் புத்தகத்தை இப்போதும் வைத்திருக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பதினாலு வருடத்துக்குப் பிறகு ஊர் மண்ணை மிதித்தது இப்படி, வெள்ளைக்காரரோடு மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு.

குழுவில் இரண்டு டொக்டர்மார், மூன்று நேர்ஸ்மார், ஒரு கண்ணாடிக்காரர், சாமான் தூக்க இரண்டு இளைஞர், நான். எல்லாரும் சொந்தக் காசில் ரிக்கற், சொந்த லீவு. வருடத்துக்கு நாலு கிழமை லீவில் இரண்டு கிழமையை நான் கொடுத்தேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளோடு போக வேண்டிய லீவு என்றா. அவ சொன்னதும் சரிதான், அதை நான் இங்கே மறைக்கவில்லை.

வெளிநாட்டு டொக்டர் ஒருவர் நினைத்தவுடன் அங்கே போய் நோயாளியைப் பார்க்க முடியாது. இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகமாகப் பதிய வேண்டும். மருந்துக்கும் தனி அனுமதி வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தே தை மாதம் தொடங்கி ஆனி வரை இழுத்தது.

ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் எங்களுக்கு இடம் தந்தார்கள். விடிய ஆறு மணிக்கே வரிசை நின்றது. நாரி உழையுது, நெஞ்சு எரியுது, கை கால் விறைக்குது, தலை அம்மிக்கொண்டு கிடக்குது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல நான் டொச்சில் தேடினேன். 'தலை அம்முது' என்பதற்கு என்னிடம் இன்றைக்கும் டொச் சொல் இல்லை. டொக்டர் எல்லாரிடமும், நோ ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார். அது இங்கத்தைய வழக்கம். முழங்கால் நோவோடு வந்த ஒரு ஆச்சியிடம் நான் அதைக் கேட்டேன். ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, பிள்ளையளைக் குடுத்த நோவையும் சேர்த்தோ சொல்லுறது?" என்று கேட்டா. நான் டொக்டரிடம் எட்டு என்று சொன்னேன்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் மேடைக்கு வந்தேன்.

நாலாம் நாள் ஒரு ஐயா வந்தார், எழுபது வயதிருக்கும். விரலில் குத்திப் பார்த்தபோது சீனி கூடக் காட்டியது. டொக்டர், ஏதாவது மருந்து பாவிக்கிறாரா என்று கேட்டார். நான் ஐயாவிடம், "மருந்து ஏதும் எடுக்கிறியளோ?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி" என்றார். அதை அப்படியே சொன்னேன். டொக்டர் கிளிக்ளசைட் என்ற குளிசை எழுதிக் கொடுத்தார். சீனியை இறக்குகிற குளிசை அது.

அன்று இரவு ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கதை தடுமாறிவிட்டது. மகள் கெட்டிக்காரி. சீனி கூடப் போட்ட தேத்தண்ணியைப் பருக்கி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டா. ஒரு நாள் வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள். ஆள் தப்பினார். விடிய நாங்கள் வீட்டுக்கு ஓடினோம். மகள் ஒரு பால்மா ரின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தா. அதற்குள் அரசாங்க கிளினிக்கில் கொடுத்த கடுதாசிப் பை, அதற்குள் அதே கிளிக்ளசைட். நிறம் மட்டும் வேறு. ஐயா வருடக்கணக்காக அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்களுடையதையும் சேர்த்துப் போட்டுவிட்டு, இரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"ஐயா, மருந்து எடுக்கிறேல்லை எண்டு சொன்னியளே" என்றேன். "மருந்து ஆர் எடுக்கிறது? நான் குளிசையெல்லோ போடுறனான்" என்றார். அவருக்கு மருந்து என்றால் போத்தலில் வருவது, இல்லாவிட்டால் கசாயம். மருந்து வேறை, குளிசை வேறை. கிளினிக் கொப்பியைக் கொண்டுவாங்கோ என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். டொச்சிலிருந்து தமிழுக்கு மாற்றினேன், அந்த ஐயாவின் தமிழுக்கு மாற்றவில்லை.

அந்தப் பகுதியின் மிட்வைவ் அம்மா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினா. சத்தம் போடவில்லை. "நீங்கள் ரெண்டு கிழமையிலை பிளேன் ஏறிடுவியள். அதுக்குப் பிறகு இந்தச் சனத்தை நாங்கள்தானே பாக்கோணும். எங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டியளே?" என்றா. அனுமதிக் கடிதம் எல்லாம் எங்களிடம் இருந்தது. அந்த அம்மாவிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் அதை டொக்டர்மாருக்கு டொச்சில் சொன்னேன். அன்றைக்கு ஒரு சொல்லும் தட்டுப்படவில்லை.

முகாம் முடிந்து, பயணத்துக்கு முதல் இரண்டு நாள் மானிப்பாயில் அம்மம்மா வீட்டில் நின்றேன். நான் பிறந்தது மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில். சின்னனில், கிறீன் என்று பெயர் வைத்துவிட்டு ஏன் பச்சை நிறம் பூசவில்லை என்று யோசித்திருக்கிறேன். மாமாவின் அலுமாரியில் கவிஞர் அம்பி எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' இருந்தது. 1967 இல் வந்த புத்தகம். நித்திரை வராத அந்த இரவில் அதை எடுத்து வாசித்தேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்துவிட்டு 1847 இல் அமெரிக்க மிஷனோடு யாழ்ப்பாணம் வந்தார். அவர் முதல் ஆள் அல்ல. அந்த மிஷன் 1816 இலேயே வந்துவிட்டது. ஜோன் ஸ்கடர் என்ற டொக்டர் 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைத் தொடக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. ஆனால் கிறீன் செய்தது வேறொன்று. 1848 இல் மானிப்பாயில் எங்கள் பொடியன்களுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவப் பள்ளி வந்தது 1870 இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். 1864 அளவில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடித் தூர இடத்துக்குப் போய்விடுவான், தமிழில் படித்தவன் தன் ஊரில் இருந்து தன் சனத்தைப் பார்ப்பான் என்பது அவருடைய கணக்கு. அதற்குத் தமிழில் புத்தகம் வேண்டுமே. தானும் மாணவர்களுமாக இருந்து மொழிபெயர்த்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', 1867. உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', 1872. இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்', 1875. அந்தப் பெயரைப் பாருங்கள்: தமிழில் சொல் இல்லாத இடத்தில், வந்த சொல்லையே பிடித்துத் தமிழ் வால் ஒட்டிவிட்டார்கள். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று கலைச்சொல் பட்டியல்களும் போட்டார்கள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். பிறமொழிக்காரர் ஒருவர், ஒரு சொல்லை எழுதமுதல் மாணவர்களோடு இருந்து சரிபார்த்திருக்கிறார். அந்த ஊரிலேயே பிறந்த நான் மருந்து என்ற ஒரு சொல்லில் விழுந்தேன்.

கிறீன் இடையில் சில வருடம் அமெரிக்காவில் நின்றார், மற்றப்படி 1873 வரை எங்களோடு இருந்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். உடம்புக்கு ஏலாமல் திரும்பிப் போன பிறகும் மொழிபெயர்ப்பை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883 இல் வந்தது, அடுத்த வருடம் இறந்தார். வூஸ்ரரில் அவருடைய கல்லறையில் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருளில்தான் பொறித்திருக்கிறார்கள்.

ஊழியர் என்றது சமய ஊழியத்தைத்தான். அவர் தன் சமயத்தைப் பரப்பவும் வந்தவர், அதை அவர் ஒளிக்கவில்லை, நானும் ஒளிக்கவில்லை. அந்த மிஷன்களை எதிர்த்து நின்ற எங்கள் ஆறுமுக நாவலரும் அதே 1822 இல் பிறந்தவர்தான். இரண்டு பேரும் தமிழில் புத்தகம் போட்டார்கள். அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் படித்தவன் இல்லை.

திரும்பி வந்து, சேர்ச்சின் அதே நிலக்கீழ் அறையில் கூட்டம் நடந்தபோது, எனக்குத் தெரிந்த டொச்சில் ஐயாவின் கதையையும் மிட்வைவ் அம்மாவின் கேள்வியையும் கிறீனின் கணக்கையும் சொன்னேன். ஓய்வுபெற்ற டொக்டர் கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, குளிசைப் பெட்டியை இனி வீட்டில் வைத்துவிட்டுப் போவோம் என்றார். ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகினார். மருந்து கொண்டுபோகாத மருத்துவக் குழுவுக்கு யார் காசு தருவார்கள் என்பது அவர் கேள்வி. அதுவும் நியாயமான கேள்விதான். அந்த வருடம் காசு குறைவாகத்தான் சேர்ந்தது.

2025 இல் குளிசை இல்லாமல் போனோம். வாசிக்கிற கண்ணாடிகள் மட்டும் கொண்டுபோனோம். போகமுதலே மிட்வைவ் அம்மாவோடு போனில் கதைத்து, என்ன வேண்டும் என்று கேட்டோம். "காலைப் பாக்கப் பழக்கித் தாங்கோ" என்றா. சீனி வருத்தக்காரருக்குக் கால் விறைத்துவிடும், சுட்டாலும் தெரியாது. ஆடி வெயிலில் வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்து, பாதம் பொங்கி, புண்ணாகி, கடைசியில் விரல் எடுக்க வேண்டி வருகிறது. ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு எங்கள் நேர்ஸ்மார் பழக்கினார்கள். ஒவ்வொரு இரவும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறது, விரல் இடுக்கில் ஈரம் துடைக்கிறது, பிரஷர் பார்க்கிறது, பார்த்ததைக் கிளினிக் கொப்பியில் எழுதுகிறது. நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒவ்வொரு வசனத்தையும் அந்தப் பெண்களிடமே திரும்பச் சொல்லச் சொன்னேன். "அப்பிடி இல்லை அண்ணா, இப்பிடிச் சொன்னாத்தான் எங்கடை ஆக்களுக்கு விளங்கும்" என்று நாலு இடத்தில் என்னைத் திருத்தினார்கள்.

இங்கேயும் இதுதானே நடக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் லீவு எடுக்க வைத்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறோம். தாய்க்கு மாதவிடாய்ப் பிரச்சினை. பிள்ளைக்கு அதற்குத் தமிழும் தெரியாது, டொச்சும் தெரியாது. வெட்கத்தில் ஏதோ சொல்லிவிட்டு வருகிறது. தாயும் வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடுகிறா. சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் சுகாதார வழிகாட்டி தமிழிலும் வந்திருக்கிறது. எத்தனை வீட்டில் அது இருக்கிறது? நேர்ஸாகவும் முதியோர் பராமரிப்பிலும் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு வருத்தங்களின் டொச்சுப் பெயர் தண்ணிபட்ட பாடு. 'நாரி உழையுது' என்றால் என்ன என்று உங்கள் அப்பம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். நான் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறேன், இதுவரை நூற்றுச் சொச்சம் சொல் சேர்ந்திருக்கிறது. பிழை இருந்தால் திருத்துங்கள்.

அந்த ஐயா போன வருடமும் வந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கக்கத்தில் அதே பால்மா ரின். என்னைக் கண்டதும் ரின்னைக் குலுக்கிக் காட்டி, "தம்பி, இது மருந்தோ குளிசையோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. மிட்வைவ் அம்மாவும் சிரித்தா.

இந்த வருடக் குழு ஆடியில் போகிறது. மொழிபெயர்க்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். சைவமோ வேதமோ கேட்க மாட்டார்கள். ரிக்கற் காசு உங்களுடையது, லீவும் உங்களுடையது, வீட்டில் சண்டையும் உங்களுடையது. விருப்பம் உள்ளவர்கள், வடை முடியமுதல் பின்பக்கம் தேத்தண்ணி மேசையடியில் என்னைச் சந்தியுங்கள். கொப்பியும் அங்கேதான் இருக்கும்.