காலை எடுக்கத்தான் காப்பீடா? காப்பாற்ற இல்லையா?

(கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



நெல் விலை, கரும்பு நிலுவை பற்றிப் பேசுற சங்கம் சர்க்கரை வியாதியைப் பற்றி ஏன் பேசுது என்று நினைக்கலாம். விவசாயியைக் கடனாளி ஆக்குவது உரக்கடை மட்டுமல்ல, மருந்துக்கடையும்தான்!

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் அதை மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்தார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டை கொடுத்தாங்க. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரிலேயே அனுமதி வாங்குறாங்க. நல்லதுதான், வேண்டாம்னு சொல்லவில்லை.

ஆனால் அந்த அட்டை எப்போ வேலை செய்யுது? ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு! சர்க்கரை முற்றி கிட்னி போனால் டயாலிசிஸுக்குப் பணம் உண்டு. கிட்னி போகாமல் காக்கிற தினசரி மாத்திரையைக் கடையில் வாங்கினால் காப்பீட்டில் பத்து பைசா கிடையாது. புகையான் விழுந்தப்போ சும்மா இருந்துவிட்டு, பயிர் கருகிய பிறகு இழப்பீடு கொடுக்கிற கணக்கு இது!

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. வழி அதுதான். அதே அக்கறை காப்பீட்டிலும் வேண்டும். இன்றைக்கும் டவுன் டாக்டரைப் பார்க்க பழைய சீட்டுகளை மஞ்சப்பையில் தூக்கிக்கொண்டுதானே அலையுறோம்? கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் பில் போட மட்டுமா?

இன்னொன்று. மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த கை நம்ம கை. ‘ரேகை விழலை’ என்று ரேஷன் கடையில் நின்றவர்கள் நாம். மூச்சு வாங்குகிறவர் ஆஸ்பத்திரி வாசலில் அப்படி நிற்க முடியுமா?

ஆகவே அரசிடம் கேட்கிறோம்:

1. தினசரி மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் காப்பீட்டில் பணம் கொடு!

2. சர்க்கரை உள்ள எல்லோருக்கும் ஆண்டுதோறும் கிட்னி, கண், பாதம் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை செய்!

3. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்ம சிகிச்சை விவரம் அங்கே தெரிய வேண்டும். நம்ம சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் போகக் கூடாது!

4. ரேகை விழலை, சர்வர் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதே!

அதுவரை ஒன்று செய்யுங்கள். உடம்பு நல்லா இருக்குன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ஊர் நர்சம்மாவிடம் பெயரைப் பதியுங்கள். பதிய மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து போவோம்.

காலை இழந்த பின் லட்சம் எதற்கு? இன்றைய மாத்திரையை இன்றே கொடு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!