புண் ஆறுவதற்குள்

புணேயின் பால்வினை நோய் கிளினிக்குகளில் நடந்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. இரண்டாம் வகை ஹெர்பிஸ் அண்மையில் தொற்றியவர்களுக்கு எச்ஐவி வரும் ஆபத்து ஏறத்தாழ 4 மடங்கு என்றது அது. அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமே என்பீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ரத்தத்தில் தெரிவது எதிர்ப்புப் புரதம்தான். தொற்று எந்த இடத்தில் என்று அது சொல்லாது. சிலருக்கு இல்லாத நோயையும் இருப்பதாகக் காட்டும், அதனால் குடும்பமே குலைந்துபோகலாம். பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ கண்டால், அது ஆறுவதற்குள் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பிசிஆர் பரிசோதனை செய்வதே நம்பகமானது. புண் இல்லாதபோது வைரஸ் விட்டுவிட்டே வெளிப்படும். அன்றைக்கு ‘இல்லை’ என்று வந்தாலும் முடிவல்ல. நிறைமாதக் கர்ப்பிணிகள் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடவே கூடாது. அந்த நேரத்தில் முதன்முறையாகத் தொற்றினால், சுகப்பிரசவத்தில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 100-க்கு 30 முதல் 50 வரை. முன்பே தெரிந்தால் சிசேரியன் செய்து அதைப் பெரிதும் குறைக்கலாம்.