எழுதுகோல் ஏந்திய நடிகை

சாம்பியன் ரீப்ஸ் வாழ் தமிழ்ப் பெருமக்களே!

1931-ல் வெளிவந்த ‘காளிதாஸ்’, தமிழ் பேசிய முதற்படம். அதன் கதாநாயகி, திருவையாற்றில் பிறந்த டி. பி. இராஜலட்சுமி அம்மையார். இளமையிலேயே மணமுறிவுற்று, வறுமையால் நாடக மேடை ஏறியவர். பிறர் எழுதியதை நடிப்பதோடு அவர் அமையவில்லை. நாவல் எழுதினார், 1936-ல் ‘மிஸ் கமலா’வுக்குக் கதை எழுதித் தாமே தயாரித்து இயக்கினார். தமிழ்ப்படம் இயக்கிய முதற் பெண்மணி அவரே.

நம் விழா நாடகங்களில் நம் பெண்மக்கள் நடிக்கிறார்கள், நாம் கைதட்டுகிறோம். எழுதவும் நடத்தவும் எத்தனை பேருக்கு இடந்தந்தோம்? 2001-ல் பொற்சுரங்கம் மூடப்பட்டது. நம் வீட்டு அறிவுச் சுரங்கத்தையும் நாமே மூடலாமா? அடுத்த ஆண்டு நாடகத்தை அவர்களே எழுதட்டும், அவர்களே இயக்கட்டும்.